வெல்லம் வயிற்றுக்குப் போகும், தூசி எங்கே போகும்?

பர்கூர், ஜகதேவி பக்கத்துக் கல்குவாரிகளிலிருந்தும் பாலிஷ் பட்டறைகளிலிருந்தும் என்னிடம் வருகிறவர்களில் பலருடைய டிபன் பெட்டியில் ஒரு துண்டு வெல்லம் இருக்கும். வேலை முடிந்ததும் அதை வாயில் போட்டுக்கொண்டால் நெஞ்சில் ஒட்டிய தூசி கீழே இறங்கிவிடும் என்று நம்புகிறார்கள். சிலர் வாழைப்பழம் சாப்பிடுகிறார்கள். கிருஷ்ணகிரியில் நுரையீரல் மருத்துவனாக இருக்கும் எனக்கு இந்த வெல்லத்தோடு நெடுநாள் வழக்கு.

சென்ற மாங்காய்ப் பருவத்தில் ஒருவர் மனைவியுடன் வந்தார். ஜாக்ஹாமரில் கல்லைத் துளைக்கும் வேலை, 14 வருடங்கள். வயது நாற்பதைத் தாண்டவில்லை. தோப்பு வரப்பில் ஒரு கூடை மாங்காயைத் தூக்கி நடந்தால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார். “தினமும் தவறாமல் வெல்லம் சாப்பிடுகிறேன் சார், தூசி எப்படித் தங்கும்?” என்றார்.

எச்சிலை விழுங்கிக்கொண்டே மூச்சை இழுக்கச் சொன்னேன். இரண்டு முறை முயன்றார், முடியவில்லை. யாராலும் முடியாது. தொண்டையில் காற்றுக்கும் சோற்றுக்கும் ஒரே பாதை. அதற்குக் கீழே முன்பக்கம் மூச்சுக்குழல், பின்பக்கம் உணவுக்குழல் என்று பிரிந்துவிடும். விழுங்கும் நொடியில் குரல்வளை மூடி கவிழ்ந்து மூச்சுப் பாதையை அடைத்துக்கொள்கிறது. வெல்லம் உணவுக்குழல் வழியே வயிற்றுக்குப் போகிறது. மூச்சுக்குழல் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

மூக்கில் நுழையும் தூசியில் பெரிய துகள்களை மூக்கு மயிரும் ஈரமும் பிடித்துவிடும். தப்பியவை மூச்சுக்குழலில் இறங்கும். இது சுமார் 11 சென்டிமீட்டர் நீளம். முன்பக்கம் லாட வடிவக் குருத்தெலும்புகள் தாங்குவதால் காற்றை இழுக்கும்போது அமுங்குவதில்லை. கீழே இரண்டாகப் பிரிகிறது. வலது கிளை அகலமானது, இடதைவிடச் செங்குத்தானது. நம் பக்கத்துக் குழந்தைகள் நிலக்கடலையை வாயில் போட்டுக்கொண்டு ஓடிப் புரையேறும்போது, கடலை பெரும்பாலும் வலது நுரையீரலில் போய்ச் சிக்குவது இதனால்தான். (நான்கு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு முழுக் கடலை கொடுக்காதீர்கள், இது வேறு கதை.)

பிறகு ஒவ்வொரு கிளையும் இரண்டிரண்டாக, ஏறத்தாழ 23 முறை பிரிந்துகொண்டே போகிறது. குழாய்களின் உட்சுவரில் சளிப் படலம், அதன் அடியில் நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அசையும் நுண்ணிய மயிரிழைகள். தூசி ஒட்டிய சளியை அவை மேல்நோக்கித் தள்ளித் தொண்டைக்குக் கொண்டுவருகின்றன. அதைத் துப்புகிறோம், அல்லது அறியாமலே விழுங்கிவிடுகிறோம். ஆக, தூசி வயிற்றுக்கு இறங்குகிறது என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அதை இறக்குவது இந்த இழைகள். வெல்லத்துக்கு அதில் பங்கே இல்லை. பீடிப் புகை இந்த இழைகளைத்தான் முதலில் முடக்குகிறது.

கிளைகளின் கடைசியில் இருப்பவை காற்று நுண்ணறைகள். ஒரு மனிதனுக்கு 30 கோடிக்கு மேல். விரித்துப் பரப்பினால் சுமார் 70 சதுர மீட்டர் வரும். அவற்றின் சுவருக்கும் இரத்தத்துக்கும் இடையே உள்ள கனம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால்தான் ஆக்சிஜன் சட்டென்று கடந்து போகிறது. 21 சதவீத ஆக்சிஜனோடு உள்ளே போகும் காற்று 16 சதவீதத்தோடு வெளியே வருகிறது. இவ்வளவு மெல்லிய இடத்தில் சளியும் இல்லை, இழையும் இல்லை. வந்த தூசியைத் திருப்பி அனுப்ப வழி மிகக் குறைவு.

அதுவரை போவது எந்தத் தூசி? வெயிலில் மினுங்குவதும் புருவத்தில் வெள்ளையாகப் படிவதும் அல்ல. தலைமயிரின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான, கண்ணுக்குத் தெரியாத பொடிதான் அங்கே போய்ச் சேர்கிறது. கிரானைட்டில் ஏறத்தாழ கால் பங்கோ அதற்கு மேலோ குவார்ட்ஸ், அதாவது சிலிகா. கறுப்புக் கல்லில் அது குறைவு, வண்ணக் கற்களில் அதிகம். நுண்ணறையில் ரோந்து சுற்றும் துப்புரவுச் செல்கள் இந்தச் சிலிகாவை விழுங்கி, செரிக்க முடியாமல் செத்து வெடிக்கின்றன. துகளை அடுத்த செல் விழுங்குகிறது, அதுவும் சாகிறது. அந்த இடமெல்லாம் தழும்பாகி இறுகுகிறது. இதுதான் சிலிகோசிஸ். வேலையை விட்ட பிறகும் தழும்பு வளரக்கூடும். மறைய வைக்கும் மருந்து இல்லை.

ஓய்வில் இருக்கும்போது நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்று போதும். ஜாக்ஹாமர் பிடித்தவருக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். அதையும் வாயால் இழுக்கிறார். மூக்கு என்ற முதல் சல்லடையே கழன்றுவிடுகிறது. முகத்தில் கட்டிய துண்டு அந்தப் பொடிக்குக் கதவே இல்லாத வாசல்.

ஒரே மூச்சில் ஊதும் காற்றை அளக்கும் ஸ்பைரோமீட்டரில் ஊதச் சொன்னேன். அவர் உயரத்துக்கு மூன்றரை லிட்டராவது வரவேண்டும். கண் பிதுங்க ஊதியும் இரண்டே காலுக்கு மேல் முள் நகரவில்லை. எக்ஸ்ரேயில் இரு பக்கமும் மேற்பகுதியில் கேழ்வரகு தூவியதுபோல் புள்ளிகள். ஏற்கெனவே ஓரிடத்தில் சளியைச் சோதிக்காமல், படத்தை மட்டும் பார்த்து ஆறு மாதம் காசநோய் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ‘என்ன வேலை செய்கிறீர்கள்’ என்ற ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. என் தொழில்காரர்கள் மீது எனக்குள்ள பெரிய மனக்குறை இது. சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் எளிதில் வரும் என்பதும் உண்மைதான். அதற்காகத்தான் சளிப் பரிசோதனையை விடக்கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே பார்க்கிறார்கள்.

துளைக்கும் இடத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே துளைத்தால் பொடி எழும்புவது வெகுவாகக் குறையும். இதுதான் முதல் மருந்து; கொடுக்க வேண்டியவர் முதலாளி. முகத்தோடு இடைவெளி இல்லாமல் ஒட்டும் என்95 முகக்கவசம் அதற்கு அடுத்தது; தாடி இருந்தால் அதுவும் ஒட்டாது. தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்டப் பட்டியலில் சிலிகோசிஸ் தொழில்நோயாக இருக்கிறது. எனவே சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு எதுவானாலும் பத்திரமாக வையுங்கள்.

எல்லாம் சொல்லி முடித்தபின் மனைவி மெதுவாகக் கேட்டார்: “இவர் சட்டையைத் தினமும் நான்தான் உதறித் துவைக்கிறேன். உதறும்போது ஒரே புகையாக எழும்பும். எனக்கு ஒன்றும் ஆகாதே சார்?”

உதறாமல் நேரே தண்ணீரில் நனைக்கச் சொன்னேன். இன்னொரு சீட்டை எடுத்து அவர் பெயருக்கும் ஒரு எக்ஸ்ரே எழுதினேன்.