முன்மொழிபவர்

உள்ளாட்சித் தேர்தல் வந்துவிட்டால் மதுரை மாவட்டத்தில் உசிலம்பட்டி, செல்லம்பட்டி பக்கத்து ஒன்றிய அலுவலக வாசலில் ‘புரப்போசர்’ என்ற சொல் காதில் விழாத நேரம் இருக்காது. “புரப்போசர் யாருண்ணே, லிஸ்ட்ல பேரு இருக்கா?” என்று கேட்டபடி வாக்காளர் பட்டியல் ஜெராக்ஸில் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் தேடிக்கொண்டிருப்பார்கள். வேட்பாளரின் பெயரை முன்வைத்து மனுவில் கையெழுத்திடும் அந்த ஆளுக்கு வேட்புமனுப் படிவத்தில் அச்சிட்டிருக்கும் பெயர் ‘முன்மொழிபவர்’.

புரப்போசர் என்ற சொல் இலத்தீன் வழி வந்தது. முன்னால் வைப்பது என்று பொருள். நம் தாத்தா காலத்துக் கூட்டங்களில் ‘பிரேரிக்கிறேன்’, ‘ஆமோதிக்கிறேன்’ என்பார்கள். வடமொழியில் பிரேரணை என்றால் உந்துதல், ஆமோதம் என்றால் மகிழ்ச்சி. தமிழில் இரண்டுமே மொழிதல்தான். முதலில் சொல்பவர் முன்மொழிகிறார். அவரைப் பின்பற்றி அதையே சொல்பவர் வழிமொழிகிறார். முதல்நூலைப் பின்பற்றி எழுதுவதை வழிநூல் என்கிறோமே, அந்த ‘வழி’தான் இது.

வேட்பாளர் என்ற சொல்லும் இப்படி மாறி வந்ததுதான். முன்பு ‘அபேட்சகர்’ என்று எழுதினார்கள். அபேட்சை என்றால் விருப்பம். வேட்பு, வேட்கை என்பவையும் விருப்பமே. பதவியை விரும்புவதாகத் தனக்காகச் சொல்பவர் வேட்பாளர், அவருக்காகச் சொல்பவர் முன்மொழிபவர்.

சரி, யார் முன்மொழியலாம்? மாநகராட்சி, நகராட்சி வார்டுத் தேர்தலில் வேட்பாளர் அதே ஊரின் வேறு வார்டு வாக்காளராகக்கூட இருக்கலாம். முன்மொழிபவர் அந்த வார்டின் வாக்காளராகவே இருக்க வேண்டும். மதுரை மாநகராட்சியின் 100 வார்டுகளுக்கும் இதே கணக்கு. எனக்கு இது மிகச் சரியான விதியாகப் படுகிறது. வெளியிலிருந்து வருபவருக்கும் அந்தத் தெருவில் ஒருவராவது வாய் திறக்க வேண்டுமல்லவா! சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும். வழிமொழிபவர் இன்று குடியரசுத் தலைவர் தேர்தலில் இருக்கிறார். அங்கே முன்மொழிய 50 பேர், வழிமொழிய 50 பேர்.

சொல்லில் இருப்பது வாய், சட்டம் பார்ப்பது கையெழுத்து. அது உண்மையில்லை என்று தெரிந்தால் மனு தள்ளுபடி. 2017 டிசம்பரில் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு அப்படித்தான் தள்ளுபடியானது. அவரை முன்மொழிந்த பத்துப் பேரில் இருவர், அது தங்கள் கையெழுத்து இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

எழுதத் தெரியாதவர் முன்மொழியலாமா? தாராளமாக. 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளின்படி, தேர்தல் அலுவலர் முன்னிலையில் அவர் வைக்கும் குறியைக் கையெழுத்தாகவே கொள்ள வேண்டும். இந்தக் குறிக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு: தற்குறி. தன் + குறி, அவ்வளவுதான். எழுதத் தெரியாதவர் இட்ட குறிக்கு இன்னொருவர் சான்றெழுதுவதைக் கல்வெட்டுகள் ‘தற்குறி மாட்டெறிதல்’ என்கின்றன. குறியின் பெயர் பிறகு குறி வைத்தவரின் பெயரானது, அப்புறம் வசவாகவும் ஆனது. ‘கைநாட்டு’க்கும் அதே கதிதான். அந்த வசவு எனக்கு ஒவ்வாதது. ரேகை வைத்தவரும் முன்மொழிந்தவர்தான்.

அந்த ஒரு குறியின் கனம் இந்தப் பக்கத்து ஊர்களுக்குத் தெரியும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்கச் சாதியினரின் எதிர்ப்பால் பத்தாண்டுகள் அந்த நாற்காலிகளில் யாரும் நிலைக்க முடியவில்லை. மனுத் தாக்கல் செய்யவே ஆள் வராமல் போனதும் உண்டு, வென்றவர் உடனே பதவி விலகியதும் உண்டு. 2006 அக்டோபரில்தான் தேர்தல் முறையாக நடந்து முடிந்தது. அப்படிப்பட்ட ஊரில் ‘இவர் தலைவராகட்டும்’ என்று மனுவின் அடியில் பெயரெழுதுவது ஊர் முன்னால் எழுந்து நின்று பேசுவதேதான். ‘முன்னால் வைப்பவர்’ என்று மொழிபெயர்த்திருந்தால் இந்தத் துணிவு சொல்லில் ஏறியிருக்காது.

எழுதும்போது, மனு கொடுக்கும்வரை ‘முன்மொழிபவர்’, கொடுத்த பிறகு ‘முன்மொழிந்தவர்’. பேச்சில் அது நீளமாகத் தோன்றினால், “உங்க மனுவை முன்மொழிஞ்சது யாருண்ணே?” என்று வினைச்சொல்லாகவே கேட்கலாம்.