சிசி பார்த்து என்ஜின் வாங்காதீர்கள்: சாகச மாதிரி விமானம் பறக்க விடுபவர்களுக்கு

றிமோட்டில் பறக்கும் சாகச விமானத்துக்கு என்ஜின் தேடுபவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது, “எத்தனை சிசி போடலாம்?” என்பதுதான். மின்மோட்டார் பக்கம் போனவர்கள் “எத்தனை கேவி?”, அதாவது ஒரு வோல்றுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று, என்பார்கள். இரண்டும் கடைசியில் கேட்க வேண்டியவை. முதலில் தராசு, அடுத்தது புரொப்பெல்லர், அதன் பிறகுதான் என்ஜின். உடைந்து பழுதுபார்க்க வரும் விமானங்களைப் பிரித்துப் பார்த்தால், சக்தி போதாமல் விழுந்தவற்றைவிடத் தேவைக்கு மிஞ்சிய என்ஜினைச் சுமந்து விழுந்தவையே கூட.

தராசில் தொடங்குங்கள்

பெட்டியில் அச்சடித்திருக்கும் எடையை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் வெறும் உடலின் எடை. சுக்கான்களை அசைக்கும் சேர்வோக்கள், றிமோட்டின் சமிக்ஞையை வாங்கும் ரிசீவர், பற்றரி, நிரப்பிய தாங்கி, சக்கரம் எல்லாம் பூட்டிய பிறகு தராசு காட்டுவதே பறக்கும் எடை. வட்டமடிக்கும் லூப், பக்கவாட்டில் புரளும் ரோல் என்று சாதாரணமாக விளையாட, அந்த எடையின் 0.8 பங்கு உந்துவிசை போதும். செங்குத்தாக ஏறி, வேகம் குறையாமல் மேலே ரோல் அடிக்க வேண்டுமானால் 1.2 அல்லது 1.3 மடங்கு வேண்டும். மூக்கை வானத்துக்குக் காட்டி அந்தரத்தில் நிறுத்தும் ஹோவருக்கு 1.5 மடங்குக்குக் குறையக் கூடாது. நிறுத்தி வைப்பதற்கு 1 மடங்கு போதும்தான். ஆனால் சரியத் தொடங்கும் விமானத்தை மேலே இழுத்தெடுப்பது மிச்சமிருக்கும் அந்தப் பாதிதான்.

நம்முடைய மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நண்பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டும். கையேட்டுக் கணக்குகளுக்கு அடிப்படையாக எடுக்கும் 15 பாகைக் காற்றைவிட அந்தக் காற்றின் அடர்த்தி 6 தொடக்கம் 7 வீதம் குறைவு. இறக்கை, புரொப்பெல்லர், பெற்றோல் என்ஜின் மூன்றுக்கும் அந்த இழப்பு உண்டு. ஆகவே கையேடு சொல்லும் உந்துவிசையில் 10 வீதத்தைக் கழித்துவிட்டே கணக்குப் போடுங்கள். காலை எட்டு மணிக்கு அழகாக ஹோவரில் நின்ற விமானம் மதியம் இறங்கிக்கொண்டே போவதற்குக் காரணம் இதுதான்.

அதற்காக அடுத்த பெரிய என்ஜினைப் போடுவது தீர்வு ஆகாது. 30 சிசிக்கு வடிவமைத்த உடலில் 55 சிசி பூட்டினால் மூக்கில் ஏறத்தாழ 500 கிராம் கூடும். என்ஜின் சமநிலைப் புள்ளிக்கு 30 சென்ரிமீற்றர் முன்னாலும் வால் 100 சென்ரிமீற்றர் பின்னாலும் இருந்தால், அதை ஈடுசெய்ய வாலில் 150 கிராம் ஈயம் ஒட்ட வேண்டும். மொத்தம் 650 கிராம் கூடிவிட்டது. இறங்கும் வேகம் கூடும், சட்டெனப் புரளும் ஸ்னாப் ரோலில் இருந்து வெளியே வருவது மந்தமாகும், சக்கரம் பூட்டிய பலகை முதல் மோசமான தரையிறக்கத்திலேயே பிளந்து வரும். மூக்கும் வாலும் பாரமான விமானம் சுழலத் தொடங்கினால் சுலபத்தில் நிற்காது. உயரம் குறைவாக இருந்தால் அதோடு முடிந்தது.

புரொப்பெல்லர் சொல்வதைக் கேளுங்கள்

விமானத்தின் மூக்கு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, வால் தூக்கிய நிலையிலும் புரொப்பெல்லர் நுனிக்கும் தரைக்கும் இடையே 4 சென்ரிமீற்றராவது மிஞ்சும் விட்டத்தைத் தெரிவு செய்யுங்கள். கொங்கிரீட் ஓடுதளம் உள்ளவர்களுக்கு 3 போதும். நமக்குக் கிடைப்பது அறுவடை முடிந்த வயல் வட்டைதான். மாசி, பங்குனியில் பெரும்போக வெட்டும், ஆவணி, புரட்டாதியில் சிறுபோக வெட்டும் முடிந்த பிறகு நிலம் காய்ந்து கிடந்தாலும் அறுத்த நெல்லின் அடிக்கட்டை விறைத்து நிற்கும். மெஷின் வெட்டிய வயலில் அது இன்னும் உயரம்.

அடுத்தது பிட்ச், அதாவது ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேறும் தூரம். பிட்சை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுற்றால் பெருக்கி, 0.001524 ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீற்றர் வேகத்தில் அந்தப் புரொப்பெல்லர் காற்றைத் தள்ளும் என்பது கிடைக்கும். விமானம் காற்றில் நிற்கக்கூடிய ஆகக் குறைந்த வேகத்தின் இரண்டரை மடங்கு இருந்தால் சாகசத்துக்கு நல்லது. ஹோவர் பிரியர்களுக்குப் பெரிய விட்டமும் சிறிய பிட்சும். நேர்கோட்டுத் துல்லியப் பறப்புக்குக் கொஞ்சம் கூடிய பிட்ச்.

ஒரு கணக்கை முழுதாகப் பார்ப்போம். இறக்கை 1.45 மீற்றர், பறக்கும் எடை 2.5 கிலோ. 13 அங்குல விட்டமும் 6.5 அங்குல பிட்சும் உள்ள புரொப்பெல்லர் 8400 சுற்றில் ஏறத்தாழ 2.9 கிலோ உந்துவிசை தரும். அது தள்ளும் காற்றின் வேகம் மணிக்கு 83 கிலோமீற்றர். கச்சான் கழிவு போனாலும் எடையைவிட உந்துவிசை சற்றுக் கூட. 6 செல் லைப்போ (லிதியம் பொலிமர்) பற்றரி சுமையில் 21 வோல்ற் அளவுக்கு இறங்கும். 500 கேவி மோட்டார் அதில் 10,500 சுற்றுக்குத் துடிக்கும். புரொப்பெல்லர் பூட்டினால் 8400க்கு வந்து நிற்கும். இதற்கு 700 வோற் அளவு வேண்டும், அதாவது 33 அம்பியர். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி 60 அம்பியர் போடுங்கள். 40 அம்பியர் போதுமே என்று கணக்குச் சொல்லும். மோட்டாரை மூடும் கவுலுக்குள் நம் ஊர் வெயிலில் அது போதாது. பற்றரி 3300 மில்லி அம்பியர் மணி எடுத்து, 80 வீதம் மட்டும் பாவித்தால், சராசரி 20 அம்பியரில் ஏழு நிமிடத்துக்கு மேல் பறக்கலாம். நேரக்கடிகாரத்தை ஆறு நிமிடத்துக்கு வையுங்கள்.

இதில் கேவி கடைசியில்தான் வந்தது என்பதைக் கவனியுங்கள். மோட்டாரை முதலில் வாங்கிவிட்டு, 13 அங்குலம் பூட்ட வேண்டிய இடத்தில் 900 கேவி மோட்டாரை அதே 6 செல்லில் ஓடவிடுபவர்கள் உண்டு. அம்பியர் பல மடங்கு ஏறும், முதலில் ஈஎஸ்சி போகும். ரிசீவருக்கு மின்சாரமும் அதே ஈஎஸ்சியிலிருந்துதான் போகிறது என்றால், விமானம் கையை விட்டுப் போய்விடும். புதிய புரொப்பெல்லர் எதைப் பூட்டினாலும் தரையில் விமானத்தைக் கட்டிவைத்து வோற் மீற்றரால் அம்பியரை அளந்த பிறகே மேலே ஏற்றுங்கள். கவுலில் காற்று நுழையும் வாயைவிட வெளியேறும் வாய் இரண்டு மடங்காவது பெரிதாக இருக்கட்டும். உள்ளே வந்த காற்று விரிந்து வெளியே போக இடமில்லாவிட்டால், முன்னால் எவ்வளவு பெரிய துளை வைத்தும் பயனில்லை.

4 கிலோவுக்குக் குறைந்த விமானமென்றால் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் மின்மோட்டாரே எங்கள் பரிந்துரை. சத்தம் குறைவு, எரிபொருள் தேடி அலைய வேண்டாம், தலைகீழாகப் பறக்கும்போது நடுவில் நின்றுபோகாது.

பெற்றோல் என்ஜின் என்றால்

20 சிசிக்கு 4 தொடக்கம் 5 கிலோ, 30 முதல் 35 சிசிக்கு 5.5 தொடக்கம் 7 கிலோ, 50 முதல் 60 சிசிக்கு 7 தொடக்கம் 9 கிலோ என்பது சாகச விமானங்களுக்குப் பொருந்தும் அளவு. பெரிய நன்மை, எரிபொருள் எந்தப் பெற்றோல் செட்டிலும் கிடைக்கும். காபுரேற்றருக்குள்ளேயே டயாபிராம் பம்ப் இருப்பதால் தலைகீழாகவோ பக்கவாட்டிலோ பறந்தாலும் எரிபொருள் சீராக வரும்.

பெற்றோலில் கலக்கும் ஒயிலில்தான் இங்கே அதிகம் பிழைக்கிறது. வாழைச்சேனையிலும் கல்முனையிலும் கடையில் உடனே கிடைப்பது படகு என்ஜினுக்கான டிசி-டபிள்யூ3 ஒயில். அது நீரால் குளிரும் என்ஜினுக்காகச் செய்தது. காற்றால் குளிரும் நம்முடைய சிலிண்டரின் சூட்டுக்கு அது தாங்காது. ரிங் ஒட்டும், பிஸ்டனில் கீறல் விழும். போத்தலில் ஜாசோ எஃப்டி என்ற தரக்குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 30க்கு 1 என்றால் 1 லீற்றர் பெற்றோலுக்கு 33 மில்லி லீற்றர், 40க்கு 1 என்றால் 25. மூடியால் அளக்க வேண்டாம். மருந்துக்கடையில் 50 மில்லி சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள்.

எரிபொருள் குழாய் சிலிக்கோனாக இருக்கக் கூடாது. பெற்றோலில் அது ஊறி வீங்கிக் கழன்று வரும். பெற்றோல் தாங்கும் மஞ்சள் நிறக் குழாயைப் போட்டு, ஒவ்வொரு முனையையும் மெல்லிய கம்பியால் இறுக்குங்கள். பிளக் இடைவெளி 0.45 முதல் 0.5 மில்லிமீற்றர். இக்னிஷன் பெட்டியையும் அதன் பற்றரியையும் ரிசீவரிலிருந்து 30 சென்ரிமீற்றருக்கு அப்பால் வையுங்கள். றிமோட்டிலிருந்தே இக்னிஷனை நிறுத்தும் சுவிட்ச் கட்டாயம்.

காபுரேற்றரில் எரிபொருளை அளவிடும் ஊசிகள் இரண்டையும் கையேடு சொன்ன அளவில் திறந்து தொடங்குங்கள். பெரும்பாலான காபுரேற்றர்களில் அது ஒன்றரைச் சுற்றுக்குக் கிட்ட வரும். என்ஜின் சூடானதும் முதலில் குறைவேக ஊசி, பிறகு உயர்வேக ஊசி. உச்சச் சுற்றைக் கண்டுபிடித்து, அதிலிருந்து 200 அல்லது 300 சுற்றுக் குறையும்வரை ஊசியைத் திறந்து விடுங்கள். உச்சத்திலேயே விட்டால் தரையில் அருமையாகக் கேட்கும்; நீண்ட செங்குத்து ஏற்றத்தில் கலவை மெலிந்து சூடேறி இறுகும். மார்கழி மழைக்காலத்தில் சரிசெய்த ஊசியோடு ஆடிக் கச்சானில் பறந்தால் கலவை அடர்ந்து புகைக்கும். பருவம் மாறும்போது மறுபடி பாருங்கள்.

மரப் புரொப்பெல்லருக்கும் அந்தப் பருவ மாற்றம் பொருந்தும். மழைக்காலத்தில் ஈரம் குடித்துத் தடித்த மரம், கச்சானில் காய்ந்து மெலியும். அப்போது இறுக்கிய போல்ட் இப்போது தளர்ந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு பறப்பு நாளும் முதல் வேலையாகப் போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காகச் சரிபாருங்கள்.

புல்லு வெட்டும் மெஷினின் என்ஜினைக் கழற்றிப் பூட்டலாமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 52 சிசி புல்வெட்டி ஏறத்தாழ 2 குதிரைவலு. அதே அளவான மாதிரி விமான என்ஜின் 5க்கு மேல். காந்தச் சில்லும் கிளச்சும் இழுவைக் கயிறும் சேர்ந்த பாரம் வேறு. ஸ்னாப் ரோலில் புரொப்பெல்லர் கிராங்கை வளைக்கப் பார்க்கும் விசைக்கு அதன் பெயரிங் செய்யப்படவில்லை. செய்யாதீர்கள்.

மெதனோலில் ஓடும் குளோ என்ஜினைப் பற்றிச் சுருக்கமாக. எடைக்குச் சக்தி அருமை, 7.5 சிசி, 10 சிசி அளவுகளில் இன்னும் நல்லவை உண்டு. ஆனால் மெதனோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், வாவிக்கும் கடலுக்கும் நடுவே வாழும் நமக்கு அது தினசரிப் பிரச்சினை. திறந்த கலனில் எரிபொருள் கெடும், ஓடி முடிந்த என்ஜினின் பெயரிங் துருப்பிடிக்கும். பறந்து முடிந்ததும் தாங்கியை வெறுமையாக்கி, மீதியை எரித்து முடித்து, சில துளி ஒயில் விட்டுக் கையால் சுற்றி வையுங்கள். தாங்கியின் நடுக்கோடு காபுரேற்றரின் ஊசி மட்டத்தில் இருக்க வேண்டும். மேலே ஏறியிருந்தால் நிமிர்ந்து பறக்கையில் அடர்ந்தும் தலைகீழில் மெலிந்தும் போய், லூப்பின் நடுவில் நின்றுவிடும். மெதனோல் நஞ்சு, அதன் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. பிள்ளைகளின் கைக்கு எட்ட வைக்காதீர்கள், தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைக்கவே வேண்டாம்.

கை, நெருப்பு, அனுமதி

மின்மோட்டார் அமைதியாக இருக்கும்போதுதான் விரலை வெட்டும். பற்றரி இணைத்த விநாடியிலிருந்து அது ஓடக்கூடியது. மேசையில் சரிபார்க்கும்போது புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். பறக்கும் இடத்தில் ஒருவர் வாலைப் பிடிக்க, மற்றவர் பின்னால் நின்று இணைக்கட்டும். புரொப்பெல்லர் சுற்றும் தளத்துக்கு நேரே பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. உடைந்த துண்டு அந்தத் திசையில்தான் பறக்கும்.

லைப்போவை ஒரு செல்லுக்கு 3.5 வோல்றுக்குக் கீழே இறக்காதீர்கள். ஓரிரு நாள் பறக்காவிட்டாலும் 3.8 வோல்றுக்குக் கொண்டுவந்து வையுங்கள். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விடவே கூடாது. சார்ஜ் செய்யும் இடத்தில் ஒரு வாளி காய்ந்த மணல் இருக்கட்டும். கல்லடிக் கடற்கரையில் பறப்பதைத் தவிர்ப்பது நல்லது. மணல் பெயரிங்குக்குள்ளும் உப்பு ஈஎஸ்சிக்குள்ளும் போகும். வாவிக்குள் விழுந்த மோட்டாரை உடனே நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து மீட்கலாம். உப்புத்தண்ணீர் குடித்த பற்றரியை மீட்க முயல வேண்டாம். வீட்டுக்குள்ளும் கொண்டுபோக வேண்டாம்.

மட்டக்களப்பு விமான நிலையம் நகரத்தை ஒட்டியே இருக்கிறது. அம்பாறையில் உகணைப் பக்கம் விமானப்படைத் தளம் உண்டு. சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் பதிவு, அனுமதி விதிகளைப் பறப்பதற்கு முன்பே பாருங்கள். கிராமத்துப் பொலிஸ் நிலையத்துக்கும் வயற்காரருக்கும் சொல்லிவிட்டே பறக்க விடுங்கள்.

கடைசியாக, கட்டாரிலிருந்தோ டுபாயிலிருந்தோ வரும் உறவினரிடம் பொருள் வாங்கிவரச் சொல்லிவிடுபவர்களுக்கு. லைப்போ பற்றரி கைப்பையில்தான் வர வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. 100 வோற் மணிவரை சாதாரணமாக அனுமதிப்பார்கள், 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி தேவை. 6 செல் 4000 மில்லி அம்பியர் மணி என்றால் 89 வோற் மணி. 6 செல் 5000 என்றால் 111. பற்றரி முனைகளில் ரேப் ஒட்டச் சொல்லுங்கள். குளோ எரிபொருள் எந்தப் பையிலும் வராது. ஒருமுறையேனும் பெற்றோல் ஊற்றி ஓடவிட்ட என்ஜினை விமான நிலையத்தில் மறுத்துவிடக்கூடும்; ஆகவே பெட்டி பிரிக்காத புதியதையே எடுக்கச் சொல்லுங்கள். றிமோட் கருவிக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி பற்றி அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள்.