பிளஷ் ஏன் ஸ்ட்ரெயிட்டை வெல்கிறது?

கலியாண வீட்டுக்கு முதல் நாள் இரவென்றாலும் சரி, சனசமூக நிலையத்துத் திண்ணையென்றாலும் சரி, யாழ்ப்பாணத்தில் நாலு பேர் கூடி உட்கார்ந்தால் 304 என்ற கடதாசி ஆட்டம் தொடங்கிவிடும். கடதாசிக் கட்டில் இரண்டிலிருந்து ஆறு வரை எல்லாவற்றையும் கழித்துவிட்டு 32 தாள்களோடு ஆடுகிறோம். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76 புள்ளி, நாலு இனத்துக்கும் சேர்த்து 304. ஆட்டத்தின் பெயரே அந்தக் கூட்டுத்தொகைதான்.

ஜாக் எதற்காக ஏஸைவிடப் பெரியது? இதற்கு எண்கணிதத்தில் பதில் இல்லை. ஸ்கோப்பன் (ஸ்பேட்), கலாவரை (கிளப்) என்ற இனப் பெயர்கள் ஒல்லாந்தர் வாயிலிருந்து நம் வாய்க்கு வந்து தங்கியதுபோல, இதுவும் ஆடி ஆடி நிலைத்த வழக்கம்.

போக்கர் அப்படியில்லை. இது எனக்குத் தெளிவாகப் பட்டது, உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் என் அக்காவின் மகன் ஒருநாள் கேட்ட கேள்வியால். கோண்டாவில் வீட்டு விறாந்தையில் வெளியே ஐப்பசி மழை. அவன் போக்கர் விதிகளைப் புதிதாகப் படித்துவிட்டு வந்திருந்தான்.

“மாமா, அஞ்சு தாள் தொடர்ச்சியா வந்தா ஸ்ட்ரெயிட். அஞ்சும் ஒரே இனமா வந்தா பிளஷ். ஏன் பிளஷ் பெரிசு? தொடர்ச்சியா வாறதுதானே கஷ்டம்?”

“எண்ணிப் பார்ப்பமே” என்றேன்.

பாடசாலையில் சேர்மானம் என்று படித்ததை அப்படியே இங்கே இறக்கலாம். 52 தாளில் ஐந்தை எத்தனை விதமாக எடுக்கலாம்? 25,98,960 விதமாக. அதில் ஸ்ட்ரெயிட் எத்தனை? ஏஸ்-2-3-4-5 இல் தொடங்கி 10-ஜாக்-குயின்-கிங்-ஏஸ் வரை பத்துத் தொடர்கள். ஒவ்வொரு தொடரிலும் ஐந்து தாளுக்கும் தலா நாலு இனங்களில் ஒன்று வரலாம். நாலை ஐந்து தடவை பெருக்கினால் 1024. பத்தால் பெருக்க 10,240. இனி பிளஷ். ஓர் இனத்தின் 13 தாளில் ஐந்தை எடுக்க 1287 வழி. நாலு இனத்துக்கும் 5148. தொடராகவும் ஒரே இனமாகவும் வருபவை 40. அவை ஸ்ட்ரெயிட் பிளஷ் என்ற தனி உயர்நிலை என்பதால் இரண்டிலும் கழித்துவிட வேண்டும். மிச்சம், ஸ்ட்ரெயிட் 10,200, பிளஷ் 5108.

ஏறத்தாழச் சரிபாதி. அரிதாக வருவது பெரிது. போக்கரில் தாள்வரிசை முழுவதும் இந்த ஒரே விதியில்தான் நிற்கிறது. மனப்பாடம் செய்ய ஒன்றுமே இல்லை.

கீழிருந்து மேலே போவோம். ஒன்றும் சேராத கை 13,02,540. அதாவது பாதிக்குச் சற்று மேல். அப்போது கையில் உள்ள பெரிய தாள்தான் பேசும். ஒரு சோடி 10,98,240. இரண்டு சோடி 1,23,552. ஒரே மதிப்பில் மூன்று 54,912. பிறகு ஸ்ட்ரெயிட், அதற்கு மேல் பிளஷ். மூன்றும் ஒரு சோடியும் சேர்ந்த புல் ஹவுஸ் 3744. ஒரே மதிப்பில் நாலும் வருவது 624. உச்சியில் அந்த 40 ஸ்ட்ரெயிட் பிளஷ்கள். அவற்றில் பத்திலிருந்து ஏஸ் வரை போகும் நாலுக்கு ரோயல் பிளஷ் என்று பெயர். ஆறரை லட்சம் கைக்கு ஒருமுறை வருகிற சங்கதி அது.

சரி, ஆடுவது எப்படி? இன்று உலகெங்கும் அதிகம் ஆடப்படுவது டெக்சாஸ் ஹோல்டெம். ஒவ்வொருவருக்கும் இரண்டு தாள் கவிழ்த்துத் தரப்படும். தாள் பிரிப்பவரின் இடப்பக்கம் இருக்கும் இருவரும் தாளைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு சிறிய தொகையையும் அதைவிடப் பெரிய தொகையையும் நடுவில் வைத்தாக வேண்டும். அது பிளைண்ட். அது இல்லாவிட்டால் நல்ல தாள் வரும்வரை எல்லோரும் சும்மா காத்திருப்பார்கள், ஆட்டம் அசையாது. பிறகு முறை வரும்போது ஒருவர் செய்யக்கூடியது சில காரியங்கள்தான். யாரும் பந்தயம் வைக்காதிருந்தால் செக் சொல்லிக் கடக்கலாம், அல்லது தானே வைக்கலாம். வைத்திருந்தால் அதே அளவு போட்டு கோல் பண்ணலாம், ரெயிஸ் என்று கூட்டலாம், அல்லது தாளைக் கீழே போட்டு விலகலாம். முதல் சுற்று முடிய நடுவில் மூன்று தாள் திறக்கப்படும், அது பிளொப். இன்னொரு பந்தயச் சுற்று, நாலாவது தாளான டேர்ன். மறுபடி சுற்று, ஐந்தாவது தாளான ரிவர். கடைசிச் சுற்றிலும் ஒருவருக்கு மேல் மிஞ்சினால் தாளைக் காட்ட வேண்டும். கையிலுள்ள இரண்டும் நடுவிலுள்ள ஐந்துமாக ஏழில், மிகச் சிறந்த ஐந்து யாருடையதோ அவருக்கு நடுக்குவியல்.

போக்கரின் இன்னொரு வகையான ஓமஹாவில் கையில் நாலு தாள். அதில் சரியாக இரண்டையும் நடுவிலிருந்து மூன்றையும் எடுத்தே ஆக வேண்டும். புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். கையில் நாலு ஆட்டினும் (ஹார்ட்) நடுவில் ஒரே ஓர் ஆட்டினும் இருந்தால் அங்கே பிளஷ் கிடையாது. செவன் கார்ட் ஸ்டட்டில் நடுத்தாள் இல்லை. அவரவர்க்கு ஏழு, அதில் நாலு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பைவ் கார்ட் டிரோவில் ஐந்து தாள் வாங்கி, வேண்டாததைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். நாலு ஆட்டத்திலும் வெல்லும் கையின் வரிசை ஒன்றே.

எங்கள் வீட்டில் பணத்துக்கு ஆடுவதில்லை. அம்மா காயவைத்திருந்த புளியங்கொட்டைதான் எங்கள் பந்தயம். அன்று வந்த ஒரு கையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. மருமகன் கையில் ஆட்டின் ஜாக், ஆட்டின் எட்டு. என் கையில் ஸ்கோப்பன் கிங், டயமன் ஏஸ். பிளொப்பில் ஆட்டின் கிங், ஆட்டின் ஐந்து, கலாவரை ஒன்பது. எனக்கு கிங் சோடி ஆகிவிட்டது. அவனுக்கு நாலு ஆட்டின்; இன்னொன்று வந்தால் பிளஷ். நடுவில் 40 கொட்டை. நான் 20 வைத்தேன். அவனிடம் மிஞ்சியிருந்ததும் அந்த 20தான்.

நெற்றியைச் சுருக்கிக்கொண்டு விரல் விட்டு எண்ணினான். அவன் கண்ணுக்குத் தெரியாத தாள் 47. அதில் ஆட்டின் 9. டேர்னும் ரிவரும் இரண்டுமே ஆட்டின் அல்லாமல் போவதற்கு நிகழ்தகவு 38/47 ஐ 37/46 ஆல் பெருக்கியது. ஏறத்தாழ 65 வீதம். ஆகவே பிளஷ் விழ 35 வீதம். அவன் போட வேண்டியது 20, வென்றால் அள்ளப்போகும் குவியல் 80. நாலில் ஒருமுறை வென்றாலே கணக்கு நேராகிவிடும்; அவனுக்கோ மூன்றில் ஒருமுறைக்கு மேலேயே வாய்ப்பு. இருபதையும் தள்ளினான்.

டேர்ன் டயமன் இரண்டு. ரிவர் ஸ்கோப்பன் ஆறு. தோற்றுவிட்டான். முகம் வாடிப்போய், “பிழையா செய்திட்டன், என்ன மாமா?” என்றான். இல்லை. இதே இடம் நூறு தடவை வந்தால் நூறு தடவையும் அவன் அப்படியே செய்ய வேண்டும். ஒரு கையின் முடிவை வைத்து ஒரு முடிவெடுப்பைத் தீர்ப்பிட முடியாது என்பது நிகழ்தகவில் மாணவர்களுக்குப் புரியவைக்க மிகக் கடினமான விசயம். அன்று இருபது புளியங்கொட்டை அதைச் செய்தது.

அப்புறம், ஒன்றுமில்லாத கையோடு பந்தயம் வைக்கும் பிளஃப். பலரும் இதை வெறும் துணிச்சல் என்று நினைக்கிறார்கள். இதுவும் கணக்குத்தான். ரிவரும் திறந்தாயிற்று, நடுவில் 60 இருக்கிறது, நான் 60 வைக்கிறேன் என்று கொள்ளுங்கள். எதிரில் இருப்பவர் 60 போட்டு 120 ஐப் பார்க்கிறார். மூன்றில் ஒருமுறை என்னைப் பிடித்தாலே அவருக்கு நட்டமில்லை. அதனால் மூன்றில் ஒன்றுக்கு மேல் நான் பொய் சொன்னால், எப்போதும் கோல் பண்ணியே என்னைத் தின்றுவிடுவார். ஒருபோதும் பொய் சொல்லாவிட்டால் எப்போதும் விலகுவார், என் நல்ல தாளுக்கும் ஒன்றும் கிடைக்காது. இரண்டு உண்மைக்கு ஒரு பொய் என்பதே அவரால் எதுவும் செய்ய முடியாத இடம். கணிதமேதை ஜோன் வொன் நியூமன் 1928இல், ஒருவர் வெல்வது மற்றவர் இழப்பதாகவே இருக்கும் இருவர் ஆட்டங்களுக்கு இப்படி ஒரு சமநிலை உண்டென்று நிறுவினார். 1944இல் ஒஸ்கார் மோர்கன்ஸ்டேர்னோடு சேர்ந்து பிளஃபையே தனியாக எடுத்து ஆராய்ந்தார். 2015இல் கனடாவின் அல்பேட்டா பல்கலைக்கழகத்தார், பந்தய அளவு வரையறுக்கப்பட்ட இருவர் ஹோல்டெமை ஒரு கணினி ஏறத்தாழ முழுமையாகத் தீர்த்துவிட்டதாக அறிவித்தார்கள். அந்தக் கணினியும் பிளஃப் பண்ணுகிறது.

மழை விடவில்லை. மருமகன் இன்னொரு கேள்வி வைத்தான். “அப்ப எங்கட 304 கட்டில போக்கர் விளையாடினா?”

32 தாள். ஐந்தை எடுக்க 2,01,376 வழி. ஒரே மதிப்பில் நாலு வர, எட்டு மதிப்பு, கூடவே மிச்சம் 28 தாளில் ஒன்று. எட்டை இருபத்தெட்டால் பெருக்க 224. புல் ஹவுஸ் 1344. பிளஷுக்கு ஓர் இனத்தில் எட்டே தாள். அதில் ஐந்தை எடுக்க 56 வழி, நாலு இனத்துக்கும் 224. எழுதியதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். நாலு ஒரே மதிப்பும் பிளஷும் சமமா? இன்னும் ஸ்ட்ரெயிட் பிளஷைக் கழிக்கவில்லை. ஏழில் தொடங்குவது, எட்டில், ஒன்பதில், பத்தில் என்று நாலு தொடர். நாலு இனத்துக்கும் 16. கழித்தால் பிளஷ் 208.

நம் வீட்டுக் கட்டில் பிளஷ், புல் ஹவுஸை மட்டுமல்ல, ஒரே மதிப்பில் நாலையும் வெல்ல வேண்டும்! இனத்துக்குப் பதின்மூன்று தாள் எட்டாகக் குறைந்ததும் ஒரே இனத்தில் ஐந்து சேர்வது அவ்வளவு அரிதாகிவிட்டது. ஒன்றும் சேராத கைகூட அங்கே 53,040தான், ஒரு சோடியோ 1,07,520. அப்படியானால் ஒன்றுமில்லாத கை ஒரு சோடியை வெல்லவேண்டும்.

கலண்டர் தாளொன்றின் பின்பக்கத்தில் புது வரிசையை அவன் எழுதி முடிக்க, நான் கட்டைக் கலைத்தேன். முதல் கையிலேயே அவனுக்கு ஒரு சோடி ஒன்பது வந்தது. எனக்கு ஒன்றும் சேரவில்லை. கொட்டைகளை என் பக்கம் தள்ளிவிட்டு, எழுதிய கணக்கை மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினான்.