றெசின்: பிசினா, குங்கிலியமா?

முல்லைத்தீவுக் கரையில் 'றெசின்' என்று கேட்டால் ஒரே சாமான்தான் வரும். பைபர் வள்ளத்தில் வெடிப்பு விழுந்தால் கண்ணாடியிழைப் பாயோடு சேர்த்துப் பூசுகிற, மூக்கைத் துளைக்கும் மணமுள்ள பொலியெஸ்டர் றெசின். வீட்டு முற்றத்தில் பிளைவூட்டால் சின்ன வள்ளம் கட்டப் புறப்படுகிறவருக்கு வேண்டியதோ எப்பொக்சி றெசின். பொலியெஸ்டர் மரத்தை அவ்வளவாகப் பற்றாது; மரம் நனைந்து காய்ந்து ஊத, பூச்சு உரிந்துவிடும்.

இரண்டுக்கும் பேர் றெசின், அதை இறுக வைக்கக் கூட வருகிறதுக்கும் பேர் ஹாட்னர். வில்லங்கம் இங்கேதான். பொலியெஸ்டருக்கு ஹாட்னர் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு போதும். சற்றுக் கூட்டினால் கெதியாய் இறுகும். எப்பொக்சியில் ஹாட்னரும் றெசினோடு பிணைந்து பொருளின் பாகமாகவே ஆகிவிடுகிறது. ஐந்துக்கு ஒன்றோ இரண்டுக்கு ஒன்றோ, தகரத்தில் போட்ட அளவுதான் அளவு. கெதியாய் இறுகட்டும் என்று கூட்டி ஊற்றினால் பிசுபிசுத்தபடியே கிடக்கும். வன்னி வெயிலில் கப் நிறையக் கலக்கி வைத்தாலோ தானே சூடேறிப் புகையும், பிளாஸ்ரிக் கப்பும் இளகும். கலந்ததை அகன்ற தட்டில் பரப்பி வைத்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

'எப்பி' கிரேக்கத்தில் 'மேலே'. 'ஒக்சி' ஒட்சிசனின் முன்பாதி. அடுத்தடுத்த இரண்டு காபன் அணுக்களின் மேல் ஓர் ஒட்சிசன் ஏறியிருக்கும் முக்கோண வளையம்தான் எப்பொக்சி. ஹாட்னர் சேர்ந்ததும் வளையம் திறந்து பிணையத் தொடங்கும். உடைந்த கோப்பையை ஒட்ட வாங்குகிற அரல்டைட், 1946இல் சுவிற்சர்லாந்தின் சீபா நிறுவனம் சந்தைக்கு விட்டது, இதே குடும்பம்தான்.

றெசின் என்பது லத்தீன் 'ரெசினா'வின் வழி வந்தது; மரத்தில் வடிந்து இறுகுவதன் பேர். தமிழில் 'பிசின்' என்று பெயர்த்துவிடுகிறோம். ஆனால் வேலம்பிசின் தண்ணீரில் கரையும். தண்ணீரில் கரைகிற ஒன்றின் பேரை வள்ளத்துக்குப் பூசுவதற்கு வைப்பது எனக்கு உவப்பாயில்லை. மரத்தில் வடிந்தும் தண்ணீரில் கரையாததற்குத் தமிழில் குங்கிலியம் இருக்கிறது. குங்கிலியக்கலய நாயனார் கோயிலில் புகைத்த அதே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மர வள்ளங்களின் நீக்கலை அடைத்தார்கள். பொருளால் றெசினுக்குக் கிட்டிய சொல் அதுதான். ஆனாலும் 'எப்பொக்சிக் குங்கிலியம்' என்று எழுதினால் ஆர் விளங்கிக்கொள்வார்? கலைச்சொல்லில் பிசின் ஊன்றிவிட்டது; 'எப்பொக்சிப் பிசின்' என முன்சொல்லை விடாமல் எழுதினால் போதும். ஹாட்னருக்கு 'இறுக்கி' பொருத்தமாயிருக்கும்.

பைபர்கிளாசுக்குக் 'கண்ணாடிநார்' என்றும் எழுதுகிறார்கள். நார் உரிப்பது, இழை இழுப்பது; உருக்கிய கண்ணாடியை இழுத்துத்தான் அது செய்கிறார்கள் என்பதால் கண்ணாடியிழையே சரி. கடையில் மட்டும் 'எப்பொக்சி' என்றே கேளுங்கோ. பிசின் என்றால் ஒட்டுகிற பசைப் போத்தலைத் தூக்கித் தருவார்கள்.