வரிக் கோவை எங்கே நிற்கிறது?

கொழும்பில் வருமானவரி வேலை பார்க்கும் ஓர் அலுவலகம், எந்த வேலை யாரிடம் எந்த நிலையில் நிற்கிறது என்று காட்டும் பணி முகாமைத்துவ மென்பொருள் வாங்கலாமா என்று யோசிக்கத் தொடங்கினால், முதலில் எண்ணிப் பார்ப்பது வாடிக்கையாளர்களை. அந்த எண்ணிக்கையை வைத்து முடிவுக்கு வர முடியாது. எண்ண வேண்டியது கடைசித் திகதிகளை.

காலாண்டுக்கு ஒருமுறை வற் (பெறுமதி சேர் வரி) விபரத்திரட்டு, அதாவது வரி விபரங்களைக் காட்டும் படிவம், கொடுக்கும் புறக்கோட்டைக் கம்பனி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வற் பணத்தை ஒவ்வொரு மாதமும் 20ஆம் திகதிக்குள் கட்ட வேண்டும். விபரத்திரட்டு ஆண்டுக்கு நான்கு. ஆக 16. சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரிக்கும் அதே கணக்கில் இன்னொரு 16. ஊழியர் சம்பளத்தில் கழித்த முற்பண வரியை மாதந்தோறும் 15ஆம் திகதிக்குள் அனுப்பி, ஏப்ரல் 30இல் ஆண்டுக் கூற்றும் கொடுக்க வேண்டும்: 13. கம்பனியின் சொந்த வருமானவரிக்கு ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் திகதிகளில் தவணைகள், முதல் தவணையோடு உத்தேச வரிக் கூற்று, செப்டெம்பர் 30இல் இறுதிக் கட்டணம், நவம்பர் 30இல் விபரத்திரட்டு: 7. கூட்டினால் 52. சம்பளப் பட்டியலையும் அலுவலகமே செய்தால் ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி இரண்டுக்கும் மாதந்தோறுமாக மேலும் 24.

அப்படிப் பத்துக் கம்பனிகள் இருந்தால், சம்பளப் பட்டியலைச் சேர்க்காமலே 520 திகதிகள். சம்பளத்திலேயே வரி கழிந்து, விபரத்திரட்டு மட்டும் கொடுக்க வேண்டிய தனிநபர்கள் 300 பேர் என்றால் 300 திகதிகள்தான், அதுவும் எல்லாம் ஒரே நாளில். இந்த இரண்டு அலுவலகங்களுக்கும் ஒரே விடை பொருந்தாது.

இந்த மென்பொருள் வரியைக் கணக்கிடுவதில்லை. விற்பவர்கள் இதை அழுத்திச் சொல்வதில்லை, அதனால் வாங்கிய பிறகு ஏமாற்றம் வருகிறது. உள்ளே இருப்பது மூன்று அட்டவணைகள்: வாடிக்கையாளர், அவருக்குரிய கடமைகள், அந்தக் கடமைகளிலிருந்து பிறக்கும் வேலைகள். கடமை என்பது ஒரு விதி. ‘மார்ச் 31 முடிந்து எட்டாவது மாத இறுதி’ என்று எழுதி வைத்தால் ஒவ்வொரு ஆண்டும் நவம்பர் 30க்கு ஒரு வேலை தானாகத் திறக்கும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிலை உண்டு: ஆவணம் கேட்டாயிற்று, பகுதி வந்தது, தயாரிப்பில், மீள்பார்வையில், கையெழுத்துக்குப் போயிருக்கிறது, கொடுத்தாயிற்று. நிலை மாறும்போது அடுத்தவருக்கு அறிவித்தல் போகும். குறித்த நாள்கள் கடந்தும் மாறாவிட்டால் வாடிக்கையாளருக்கு நினைவூட்டல் போகும்.

இதனால் என்ன பயன் என்பதற்கு ஜோன் லிட்டில் 1961இல் நிறுவிய வரிசைக் கோட்பாட்டு விதி விடை தருகிறது. அலுவலகத்தில் திறந்து கிடக்கும் கோவைகளின் சராசரி எண்ணிக்கை, நாளொன்றுக்கு வரும் கோவைகளை ஒரு கோவை உள்ளே தங்கும் நாள்களால் பெருக்கியதற்குச் சமம். நாளொன்றுக்கு நான்கு வந்து, ஒவ்வொன்றும் 25 வேலைநாள் தங்கினால் எந்த நேரமும் 100 கோவைகள் திறந்திருக்கும். ஒரு தனிநபர் கோவையில் உண்மையான வேலை சில மணித்தியாலங்கள்தான். மிச்ச நாள்கள் எல்லாம் காத்திருப்பு: சம்பளத்தில் கழித்த வரியைக் காட்டும், வேலை கொடுத்தவரின் ரி.10 சான்றிதழ் வரவில்லை, நிலையான வைப்பு வட்டியில் 10 சதவீதம் கழித்ததற்கான வங்கிச் சான்றிதழ் வரவில்லை, கையெழுத்திட வேண்டியவர் ஊரில் இல்லை. நினைவூட்டல்கள் காத்திருப்பைப் பத்து நாள் குறைத்தால் திறந்த கோவைகள் 60 ஆகும். ஊழியர் யாரும் வேகமாக வேலை செய்யாமலே மேசை காலியாகிறது. ஆனால் உங்கள் அலுவலகத்தில் தாமதம் மீள்பார்வை செய்யும் ஒரே பங்காளியின் மேசையில் என்றால், எந்த மென்பொருளும் அதைக் குறைக்காது. அங்கே இன்னொரு ஆள்தான் வேண்டும்.

பிழைகள் பெரும்பாலும் தரவிலிருந்து வருகின்றன. ஒரே ஆளின் பெயர் அடையாள அட்டையில் ஒருவிதமாகவும் வங்கிக் கூற்றில் இன்னொருவிதமாகவும் இருக்கும். முதலெழுத்து முன்னே பின்னே மாறும். பெயரை வைத்துப் பதிந்தால் ஒருவர் இருவராவார், நினைவூட்டல் தவறான கோவைக்குப் போகும். வரி அடையாள இலக்கத்தையே ஒருவரைப் பிரித்தறியும் சாவியாக வையுங்கள். அடையாள அட்டை இலக்கத்திலும் கவனம் வேண்டும்: பழைய ஒன்பது இலக்க எண்ணின் முன்னால் 19ஐயும், ஐந்தாம் இலக்கத்துக்குப் பின்னால் ஒரு பூச்சியத்தையும் சேர்த்து, எழுத்தை நீக்கினால் அதே ஆளின் 12 இலக்க எண் வரும். இரண்டையும் தனித்தனி ஆள்களாகப் பதிந்துவிடக் கூடாது.

டாக்ஸ்டோம், கார்பன் போன்ற இவ்வகை மென்பொருள்கள் வெளிநாட்டுத் தயாரிப்புகள். நமது வரி நாட்காட்டியை நீங்களே விதி விதியாக எழுத வேண்டும். உள்ளகத் திகதியைச் சட்டத் திகதிக்கு மூன்று வேலைநாள் முன்னதாக வையுங்கள். போயா விடுமுறை அதில் அடங்கிவிடும். ஏப்ரல் 15 மட்டும் விலக்கு. புத்தாண்டு விடுமுறைக்கு மறுநாள் அது வருவதால், ஏப்ரல் முதல் வாரத்திலேயே முற்பண வரியைக் கட்டி முடிக்க வேண்டும். இந்த மென்பொருள்கள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் கணினி வரி முறைமையான றாமிஸுடன் பேசுவதுமில்லை. ஆகவே ஏற்புச் சீட்டும் கட்டணச் சான்றும் இணைக்காமல் எந்த வேலையையும் ‘கொடுத்தாயிற்று’ என்று மூட முடியாதபடி அமையுங்கள். வெறும் சரிக்குறியை நம்பிய அலுவலகங்கள் பின்னர் தண்டப்பண அறிவித்தலில்தான் உண்மையைக் காண்கின்றன.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, எந்த விதியாலும் பிறக்காத திகதி. இவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிவித்தல் வந்தால், அதை மீண்டும் பார்க்கும்படி திணைக்களத்திடமே நிர்வாக மீளாய்வு கோர 30 நாள்தான் உண்டு. கடித உறையைத் திறப்பவர் அந்த நிமிடமே வேலையாகப் பதியாவிட்டால் மென்பொருளுக்கு அது தெரியவே தெரியாது.

அப்படியானால் யாருக்குத் தேவை? எங்கள் கணிப்பில், ஒருவரோ இருவரோ நடத்தும் அலுவலகத்துக்கு எக்செல் போதும். அடையாள இலக்கம், கடமை, காலம், கடைசித் திகதி, பொறுப்பாளர், நிலை, யாருக்காகக் காத்திருக்கிறது, எப்போதிலிருந்து என எட்டு நிரல்கள். திகதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். 05/04 என்று எழுதினால் ஒரு கணினியில் ஏப்ரல், இன்னொன்றில் மே. ஒரு கோவை நான்கைந்து பேர் கை மாறுகிறது, திகதிகள் ஆண்டுக்கு ஆயிரத்தைத் தாண்டுகின்றன, ‘அது எங்கே நிற்கிறது’ என்று கேட்டால் வட்ஸ்அப்பைத் தேட வேண்டியிருக்கிறது என்றால் வாங்குங்கள்.

விலையையும் பாருங்கள். கட்டணம் டொலரில், ஆளுக்கு இவ்வளவு என்று. மாதம் 50 டொலர் என்று வைத்தால் ஐவருக்கு ஆண்டுக்கு 3,000 டொலர். 2022இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த விலைக்கு 6 இலட்சம் சில மாதங்களில் 10 இலட்சத்து 80 ஆயிரமாகியிருக்கும். மறுபக்கத்தில், மறந்துபோன 15 இலட்சத் தவணைக்கு மாதம் 1.5 சதவீத வட்டியே 22,500 ரூபா. தண்டப்பணம் வேறு.

வாங்கினால் நவம்பரில் தொடங்காதீர்கள். டிசம்பரில், கம்பனிக் கோவைகளை மட்டும் ஏற்றி, ஒரு காலாண்டு எக்செல்லோடு சேர்த்தே ஓட்டுங்கள். வாடிக்கையாளரின் அடையாள அட்டையும் வங்கிக் கூற்றும் வெளிநாட்டுச் சேவையகத்தில் தங்கும் என்பதால், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் படித்துவிடுங்கள். இணையச் சேவைக் கடவு இலக்கங்களைக் குறிப்புப் பகுதியில் தட்டி வைக்க வேண்டாம். பணம் கட்டுமுன், எல்லாத் தரவையும் ஆவணங்களோடு ஒருமுறை வெளியே இறக்கிப் பாருங்கள். முழுதாக இறங்காவிட்டால் அந்த மென்பொருளை விட்டுவிடுங்கள்.