சதித் திருப்பமாம்!

கதை எதிர்பாராமல் மாறுவதைக் குறிக்கும் ‘பிளாட் ட்விஸ்ட்’ என்பதைச் ‘சதித் திருப்பம்’ என்று எழுதுகிறார்கள். இந்த வாரம் மட்டும் மூன்று இடத்தில் கண்ணில் பட்டது. கடைசியாக, ‘ஃபைனல் ஃபேன்டஸி 8’ என்ற ‘வீடியோ கேம்’ பற்றிய ஒரு காணொளியில். விளையாடுகிறவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். கீழே ‘என்ன ஒரு சதித் திருப்பம்!’ என்று வசனவரி ஓடுகிறது.

அவர் சிரித்ததில் தப்பில்லை. 1999இல் பிளேஸ்டேஷனுக்கு 4 குறுந்தட்டுகளில் வந்த ஆட்டம் அது. இரண்டாவது தட்டில், ஏவுகணை விழுந்து இடிந்த பள்ளியின் கூடைப்பந்துத் திடலில், கதைமாந்தர்களில் ஒருவனான இர்வைன் மெதுவாக ஆரம்பிக்கிறான். பேச்சு போகப்போக அவன் கூட்டாளிகள் ஸ்குவால், செல்ஃபி, குவிஸ்டிஸ், ஸெல் நாலு பேருக்கும் ஞாபகம் வருகிறது: அட, நாமெல்லாம் சின்ன வயதில் ஒரே அனாதை இல்லத்தில் வளர்ந்தவர்கள்! கொஞ்ச நாள் முன்பு இவர்கள் சுடப்போன சூனியக்காரி ஈடியாதான் இவர்களை வளர்த்தவள். மறந்ததற்குக் காரணம், சண்டைக்குத் துணையாக அழைக்கும் கார்டியன் ஃபோர்ஸ்கள் மூளையில் நினைவுகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டனவாம். இர்வைன் மற்றவர்களைப் போல அவற்றை முன்பே பயன்படுத்தாதவன் என்பதால் அவனுக்கு மட்டும் எல்லாம் தெரியும். ஆனாலும் அதுவரை வாயே திறக்கவில்லை. குடும்பப் பாட்டுப் பாடி அண்ணன் தம்பி சேரும் படங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கே தாங்கவில்லை. நம் ஆட்கள் பாட்டையாவது மறக்காமல் வைத்திருந்தார்கள்.

சரி, இதில் சதி எங்கே? எல்லோரும் மறந்துபோனார்கள், அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த தம்பி மகன் வசனவரியைப் படித்துவிட்டு, “அப்போ இர்வைன்தான் வில்லனா பெரியப்பா?” என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

‘பிளாட்’டுக்கு ஆங்கிலத்தில் பழைய பொருள் துண்டு நிலம். சூழ்ச்சியும் கதையமைப்பும் பிறகு சேர்ந்தவை. அகராதியில் கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தால் சதி அகப்படும். கை கொஞ்சம் மேலே போயிருந்தால் ‘மனைத் திருப்பம்’ கிடைத்திருக்கும், பத்திரப்பதிவுக்காவது உதவியிருக்கும். கதையில் வரும் பிளாட்டுக்குக் ‘கதைப்பின்னல்’ என்ற நல்ல சொல் நம் விமர்சகர்களிடம் எப்போதோ வந்துவிட்டது. ‘ட்விஸ்ட்’ புரிகளைச் சேர்த்து முறுக்குவது. நமக்கு முறுக்கு என்றால் தின்பண்டம்தான் முதலில் நினைவுக்கு வரும் என்பதால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பல கதைகளில் திருப்பமே ஒரு சதி அம்பலமாவதுதானே என்று வக்காலத்து வாங்குகிறார்கள். அங்கே ‘சதி அம்பலமானது’ என்றே எழுதுங்களேன். நிஜமாகவே சதி நடக்கும் கதைக்கும் நடக்காத கதைக்கும் ஒரே சொல்லைப் போட்டால் படிப்பவன் எதை நம்புவது?

கொஞ்சம் விவரமானவர்கள் ‘திருப்புமுனை’ என்கிறார்கள். அதுவும் வேறு. 1987இல் வந்த முதல் ‘ஃபைனல் ஃபேன்டஸி’யில், தொடக்கத்திலேயே நாம் அடித்துப் போட்ட எதிரி கார்லண்ட், 2000 ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தில் கடைசி எதிரியாக வந்து நிற்கிறான். கதையே முடியப்போகிறது, அதற்குமேல் எந்த முனையில் திரும்புவது?

திரும்பு, திருப்பு, திருப்பம். வெறும் ‘திருப்பம்’ போதும். அழுத்தம் வேண்டுமென்றால் ‘எதிர்பாராத திருப்பம்’. அதுவும் வாயில் வராவிட்டால் ‘ட்விஸ்ட்’ என்றே எழுதிவிட்டுப் போங்கள். தனித்தமிழ் பேசுகிற நானே சொல்கிறேன்.