கேஜ் தாங்கும், சரி. கேஜை யார் தாங்குவது?

இரண்டு மாதம் முன்பு ஒரு தம்பி ட்ரெய்லரில் கார் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். பன்னிரண்டு வருஷத்துக் கார். வெளியே புது பெயின்ட், கதவில் போட்டி எண் ஒட்ட இடம் விட்டு ஸ்டிக்கர் வேலை. எஞ்சினில் கேம் மாற்றியாயிற்று, எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியூ மாற்றியாயிற்று, விலையுயர்ந்த ஷாக் அப்சார்பர், நான்கு சக்கரமும் புதிது. "கேஜ் மட்டும்தான் அண்ணே பாக்கி. முதல் ராலிக்கு ஆறு வாரம் இருக்கு, போட்டுக் குடுத்துடுங்க" என்றார். கேஜ் என்பது ராலிப் பந்தயத்தில் கார் உருண்டால் ஆட்கள் நசுங்காமல் இருக்க உள்ளே கட்டும் இரும்புக் குழாய்க் கூண்டு.

காரைத் தூக்கி நிறுத்தினேன். டிரைவர் கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டின் உட்புறத்தில் ஒரு முழ நீளத்துக்கு மட்டும், துருப்பிடிக்காமல் அடியில் பூசும் அண்டர்கோட் புத்தம் புதிதாகக் கறுப்பாகப் பளபளத்தது. அங்கே ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்தேன். அடிக்கவில்லை, அழுத்தினேன், அவ்வளவுதான். கைப்பிடி வரை இறங்கிவிட்டது. வெளியே இழுத்தபோது ஓட்டையை அடைக்கப் பூசிய பட்டியும் துருத் தூளும் சேர்ந்து கொட்டின.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அதான் கேஜ் போடறோமே அண்ணே, அது தாங்கிக்காதா?"

இந்தக் கேள்வி இந்த வருஷம் என்னிடம் வருவது நான்காவது முறை. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். இருபது வருஷமாக கேஜ் வெல்டிங் செய்கிறேன், போட்டி நாட்களில் கார்களைச் சோதித்து அனுமதிக்கும் ஸ்க்ரூட்டினியிலும் நிற்கிறேன். கேஜ் என்றால் காருக்குள்ளே இன்னொரு கார், வெளியே இருக்கிற தகரம் எப்படிப் போனாலும் உள்ளே நாம் பத்திரம் என்கிற நினைப்பு எங்கிருந்துதான் பரவியதோ!

கேஜ் எதன் மேல் நிற்கிறது? அந்தத் தகரத்தின் மேல்தான். கார் உருண்டு கூரை தரையில் மோதும்போது அந்த மோதல் குழாய் வழியாகக் கீழே இறங்கி, கேஜின் பாதங்களுக்கு வருகிறது. பாதத்துக்குக் கீழே இருப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தகடு. 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் சுவரும் உள்ள குழாயை அறுத்து, அதன் இரும்பு விளிம்பின் பரப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றே கால் சதுர சென்டிமீட்டர் சொச்சம்தான் வரும். அப்படியே வைத்தால் தோலில் ஓட்டை போடும் பஞ்ச் மாதிரி தரையை வெட்டிக்கொண்டு இறங்கும். அதனால்தான் உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிகளில் இணைப்பு ஜே, பிரிவு 253, முக்கியப் பாதங்கள் ஒவ்வொன்றுக்கும் அடியில் குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிமனில், 120 சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒரு தகடு கேட்கிறது. மூன்றே காலில் வரும் பாரத்தை நூற்றிருபதுக்குப் பரப்புவதுதான் அந்தத் தகட்டின் வேலை.

சரி, அந்தத் தகட்டை எதில் வெல்ட் செய்வது? துருப்பிடித்த தகட்டில் வெல்டிங் பிடிக்காது, ஓட்டைதான் விழும். சிலர் சுற்றிலும் தேடி நான்கு புள்ளியில் எப்படியோ பிடிக்க வைத்துவிடுகிறார்கள். கார் உருளும்போது கேஜ் வளையவே வளையாது. கேஜ் முழுதாக, அழகாக, தரையைக் கிழித்துக்கொண்டு கீழே போகும். கூரை அந்த அளவுக்குத் தலைக்கு நெருங்கி வரும். இடையில் இருப்பது நீங்கள். "கேஜ் உடையவே இல்லை பாருங்க" என்று அப்புறம் போட்டோ எடுத்துப் போடலாம்.

துரு மேலேயே புதுத் தகடு வைத்து வெல்ட் செய்துவிட்டேன் என்று வருகிறவர்களும் உண்டு. ஐயா, நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தகடு வைக்க வேண்டும். மூடி வைத்த துரு உள்ளே தின்றுகொண்டே இருக்கும், உங்கள் கண்ணில் படாது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

ஆகவே ராலிக்குப் பழைய கார் வாங்கப் போகும்போது எஞ்சின் சத்தம் கேட்டு மயங்காதீர்கள். எஞ்சின் நட்டு போல்ட்டில் நிற்கிற சாமான், நாளைக்கு மாற்றலாம். பாடியை மாற்ற முடியாது. கையில் ஒரு டார்ச், ஒரு காந்தம், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு அளவு டேப் போதும். தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். தூக்கக் கூடாது என்று விற்பவர் சொன்னால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். ஜாக்கி வைக்கும் இடம், ரன்னிங் போர்டு, முன் ஷாக் அப்சார்பரின் மேல் முனை வந்து உட்காரும் கோபுரம், பின் ஆக்சில் மாட்டும் இடம், பின் சக்கர வளைவின் உட்புறம், முன் கண்ணாடியின் கீழ் மூலைகள் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது. டேப்பில் குறுக்குவாட்டு அளவுகளை எடுத்து இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். சரியாக வரவில்லை என்றால் அந்தக் கார் ஏற்கெனவே எங்கேயோ பலமாக மோதியிருக்கிறது. பெயின்ட் மங்கியிருந்தால், சீட் கிழிந்திருந்தால், ஏசி ஓடவில்லை என்றால் ரொம்ப நல்லது, அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். எப்படியும் அதையெல்லாம் கழற்றி எறியத்தான் போகிறீர்கள்.

இன்னொன்று, கேட்க யாருக்கும் பிடிக்காது. முதல் முறை என்றால் யாரோ ஒழுங்காகக் கட்டி ஓட்டிய பழைய ராலி காரை வாங்குவது பெரும்பாலும் செலவு குறைவு. அதிலும் இதே ஸ்க்ரூடிரைவர் பரிசோதனை உண்டு. அந்த கேஜ் உங்கள் நாட்டு மோட்டார் பந்தயச் சங்கத்தின் இன்றைய விதிக்குப் பொருந்துகிறதா என்பதையும் காசு கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.

இனி கேஜுக்கு வருகிறேன். எஃப்ஐஏ அளவில், முன் சீட்டுகளுக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளைவுக்கு 45க்கு 2.5 அல்லது 50க்கு 2.0 மில்லிமீட்டர் குழாய். மற்ற குழாய்களுக்கு 38க்கு 2.5 அல்லது 40க்கு 2.0. தையல் இல்லாத, குளிர்நிலையில் இழுத்த கார்பன் ஸ்டீல், இழுவை வலிமை குறைந்தது 350 மெகாபாஸ்கல். உங்கள் நாட்டுச் சங்கம் இதில் கூட்டியிருக்கலாம், குறைத்திருக்கலாம். குழாய் வாங்குவதற்கு முன் அந்தச் சங்கத்தின் விதிப் புத்தகத்தைப் படியுங்கள். இணையப் படத்தைப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்து, "அவர் கார்ல இப்படித்தான் இருக்கு" என்று ஸ்க்ரூட்டினியில் சண்டை போடுவதில் பயனில்லை. தண்ணீர்க் குழாயில் கட்டிய கேஜைக்கூட நான் பார்த்திருக்கிறேன். அதன் மேல் நல்ல மெத்தையாகப் பஞ்சு சுற்றியிருந்தார்கள்!

வெல்டிங் விஷயத்தில் ஒரு தொழில் ரகசியம். குழாய் சந்திக்கும் இடத்தில் வெல்டிங் முழுச் சுற்றும் வர வேண்டும். கூரைக்கும் குழாய்க்கும் நடுவில் விரல்கூட நுழையாது. எப்படி மேல்பக்கத்தை வெல்ட் செய்வது? பாதம் வரும் இடங்களில் தரையில் ஓட்டை போட்டு, கேஜை அப்படியே கீழே இறக்கி, மேல்பக்க மூட்டுகளை எல்லாம் முடித்துவிட்டு, மறுபடி தூக்கி அடியில் தகடு வைத்து மூடுவோம். இந்தச் சிரமத்துக்குச் சோம்பி, கண்ணுக்குத் தெரியும் கீழ்ப்பாதியை மட்டும் அழகாக வெல்ட் செய்து பெயின்ட் அடித்து அனுப்புகிறவர்கள் உண்டு. எங்களிடம் பல் டாக்டர் வைத்திருக்கும் மாதிரி சின்னக் கண்ணாடி இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். அழகுக்காக வெல்டிங்கை கிரைண்டரில் தேய்த்து மழமழவென்று ஆக்குகிறவர்கள் தனி ரகம். வலு இருந்ததே அந்த மேட்டில்தான்.

வெல்டிங் மெஷினை எடுப்பதற்கு முன் ஏர்பேக்குகளையும் மோதலில் பழைய சீட் பெல்ட்டை இழுத்து இறுக்கும் டென்ஷனர்களையும் கழற்றி வெளியே வைத்தாக வேண்டும். இரண்டுக்குள்ளும் இருப்பது வெடிமருந்து. பேட்டரியைக் கழற்றி, கார் தயாரிப்பாளர் சொன்ன நேரம் காத்திருந்துவிட்டு அப்புறம் தொடுங்கள். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் வெல்டிங் வைக்காதீர்கள். குளோரின் கலந்த ரகமாக இருந்தால் சூட்டில் பாஸ்ஜீன் வாயு வரும், அது போரில் பயன்படுத்திய விஷம்.

சீட்டையும் பெல்ட்டையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சீட்டுக்கும் நான்கு இடத்தில் 8 மில்லிமீட்டர் போல்ட். ஒவ்வொன்றின் அடியிலும் 40 சதுர சென்டிமீட்டர் தகடு. அகல வாஷர் போதும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பெல்ட்டின் தோள் வார் பின்னோக்கிப் போகும்போது கிடைமட்டத்திலிருந்து 45 டிகிரிக்கு மேல் இறங்கக் கூடாது, 10 டிகிரிக்குள் இருந்தால் உத்தமம். நேராகத் தரைக்கு இழுத்துக் கட்டினால் மோதலில் அது உங்கள் முதுகெலும்பைத்தான் அழுத்தும். பெல்ட்டுக்கும் சீட்டுக்கும் காலாவதி உண்டு, லேபிளைப் படியுங்கள். லேபிள் இல்லாத சீட்டை யாராவது ஓசியில் கொடுத்தால் வீட்டில் போட்டு உட்காருங்கள். பெல்ட் அறுக்கும் கத்தி இரண்டு வேண்டும், பெல்ட் போட்ட நிலையிலேயே டிரைவர், பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லும் கோ-டிரைவர் இருவர் கைக்கும் எட்ட வேண்டும். உட்கார்ந்து, பெல்ட்டை இறுக்கி, கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் பாருங்கள். மின்சாரம் முழுவதையும் துண்டிக்கும் மெயின் கட்-ஆஃப் ஸ்விட்சைத் திருப்பினால் எஞ்சினும் நிற்க வேண்டும். லைட் மட்டும் அணைந்து எஞ்சின் ஆல்டர்னேட்டரில் ஜாலியாக ஓடிக்கொண்டிருக்கும் கார்கள் ஒவ்வொரு ஸ்க்ரூட்டினியிலும் ஒன்றிரண்டாவது வரும்.

எஞ்சினா? ஸ்டாண்டர்டாக விடுங்கள். எண்ணெய், பெல்ட், வாட்டர் பம்ப் புதிதாகப் போடுங்கள். அடியில் எஞ்சினைக் கல்லிலிருந்து காக்கும் நல்ல சம்ப் கார்டு, நல்ல பிரேக் பேட், புதுப் பிரேக் ஆயில். மண் ஸ்டேஜில், அதாவது நேரம் பார்த்து ஓட்டும் மண் பாதையில், ஓடப் போகும் காரை அழகுக்காகத் தரையோடு தரையாக இறக்காதீர்கள், கொஞ்சம் உயரமாகத்தான் இருக்க வேண்டும். என்னிடம் வரும் பாதிப் பேர் எண்பதுகளில் ஓடிய குரூப் பி ராலி கார்களின் குதிரைசக்தியை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். 1986 மே மாதம் கோர்சிகாவில் டிரைவர் ஹென்ரி டொய்வோனெனும் கோ-டிரைவர் செர்ஜியோ கிரெஸ்டோவும் எரிந்துபோன பிறகுதான் அந்தக் கார்களுக்குத் தடை வந்தது என்பதை ஒருவர்கூடச் சொல்வதில்லை.

ஒரு வேண்டுகோள், திட்டாமல் கேட்கிறேன். கேஜ் போட்ட காரை வீட்டுக் காராகவும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஹெல்மெட் இல்லாத தலைக்கு அரை அடி தூரத்தில் இரும்புக் குழாய். ஊருக்குள் சின்ன மோதல் போதும். பின் சீட் இருந்த இடத்தில் குழந்தையை உட்கார வைத்துக் கூட்டிப்போன ஒருவரைப் பார்த்து என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

இன்னொரு வேண்டுகோள், பக்கத்து சீட்டுக்காக. 2005 செப்டம்பரில் பிரிட்டன் ராலியில் மார்கோ மார்ட்டின் ஓட்டிய பெஜோ ஒரு மரத்தில் பக்கவாட்டில் மோதியது. மோதியது கோ-டிரைவர் பக்கம். மைக்கேல் பார்க் இறந்துபோனார், மார்ட்டினுக்கு ஒன்றுமில்லை. அது உலக சாம்பியன்ஷிப் கார், தொழிற்சாலைக் குழு கட்டியது. உங்கள் காரில் அந்தப் பக்கக் கதவுக் குழாய்களை "எடை கூடும்" என்று குறைக்கச் சொல்லி என்னிடம் கேட்காதீர்கள். உங்கள் பக்கம் புது சீட், அவர் பக்கம் மிச்சமிருந்த பழைய சீட் என்று வந்தால் நான் கையெழுத்துப் போடமாட்டேன். அவர் பாதையின் வளைவுகளைக் குறித்து வைத்த பேஸ் நோட்டைப் பார்த்துப் படித்துக்கொண்டிருப்பவர். மரம் வருவதுகூட அவருக்குத் தெரியாது.

அந்தத் தம்பியின் கார் இன்னும் பட்டறையின் பின்னால் நிற்கிறது. எஞ்சின், ஷாக் அப்சார்பர், சக்கரம் எல்லாவற்றையும் கழற்றி எண் போட்டு அடுக்கி வைத்துவிட்டோம். ஆறு வாரம் போயிற்று, ராலியும் போயிற்று. அவருக்கு என் மேல் கொஞ்சம் கோபம் இருந்தது. நேற்று ராத்திரி போன் செய்தார்.

"அண்ணே, மூணாவது கார் பாத்தேன். இதுலயும் ஸ்க்ரூடிரைவர் எறங்கிடுச்சு."

"விக்கிறவர் என்ன சொன்னார்?"

"காரை ஓட்டை போட்டுட்டேன்னு கத்தறார்ண்ணே."

அடுத்த காருக்கு நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.